ஊருக்கு ஒரு உருவம்: மேற்சேரிக் கோழி முதல் நெடுஞ்சாலை முனியப்பன் வரை

ஆஸ்திரேலியாவில் கூல்பர்ன் என்று ஒரு ஊர் இருக்கிறது. சிட்னியிலிருந்து மெல்போர்ன் போகும் ஹியூம் நெடுஞ்சாலையில், ஆட்டு ரோமத்துக்குப் பேர் போன ஊர். 1985-ல் அங்கே சாலையோரம் கான்கிரீட்டில் ஒரு செம்மறிக் கிடாவைக் கட்டினார்கள். உயரம் 15.2 மீட்டர், எடை கிட்டத்தட்ட 100 டன். உள்ளே ஏறி ஆட்டின் கண் வழியாக ஊரைப் பார்க்கலாம். பேருந்துகள் நின்றன, கடைகள் பிழைத்தன. 1992-ல் ஊருக்கு வெளியே பைபாஸ் வந்தது. வண்டிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன, ஆட்டைப் பார்க்க ஆள் இல்லை. கடைசியில் 2007-ல் அந்த 100 டன் ஆட்டையே பெயர்த்து, சுமார் 800 மீட்டர் நகர்த்தி, பைபாஸிலிருந்து இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

சாலை நகர்ந்தது, ஆடும் கூடவே நகர்ந்தது. சாலையோரப் பெருஞ்சிலைகளின் மொத்த வரலாறும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும் என்றே சொல்லலாம்.

கனடாவில் வாவா என்ற ஊரின் கதையும் இதுதான். அந்தப் பகுதியின் பழங்குடி மொழியான ஒஜிப்வேயில் 'வாவா' என்றால் காட்டு வாத்து. 1960-ல் டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையின் அந்தப் பகுதி திறக்கப்பட்டபோது, அது ஊருக்குள் நுழையாமல் ஓரமாகப் போனது. அந்த ஊர்க் கடைக்காரர்கள் என்ன செய்வார்கள்? சாலை பிரியும் இடத்தில் 28 அடி உயரத்துக்கு ஒரு வாத்தை நிறுத்தினார்கள். முதல் வாத்து சுண்ணச்சாந்தில் செய்தது, பனியைத் தாங்கவில்லை. 1963-ல் இரும்பு வாத்து வந்தது. அதுவும் துருப்பிடித்து, 2017-ல் புதிதாக ஒன்று வந்தது.

இந்தப் போட்டி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொரு உதாரணம். கனடாவின் மூஸ் ஜா நகரில் 1984-ல் ஒரு பிரம்மாண்டமான மூஸ் மான் சிலை வைத்தார்கள். 'உலகிலேயே உயரமான மூஸ்' என்று 30 வருடம் பெருமையாக இருந்தார்கள். 2015-ல் நார்வேயில் ஸ்தூர்எல்வ்தால் என்ற சிற்றூர், இதைவிட வெறும் 30 சென்டிமீட்டர் உயரமாக ஒன்றை வைத்துவிட்டது. 2019-ல் இரண்டு ஊருக்கும் செல்லச் சண்டை முற்றி, சமாதானம் பேசி, கடைசியில் கனடாக்காரர்கள் தங்கள் மானுக்குப் பெரிய கொம்பு மாட்டிப் பட்டத்தைத் திரும்ப வாங்கினார்கள்.

வேடிக்கையான செய்திகள்தான். ஆனால் இதையெல்லாம் படித்துவிட்டு தருமபுரி பக்கம் பார்த்தால், எனக்கு இது வெள்ளைக்காரர்களின் கார் காலத்துப் பழக்கமாக மட்டும் தெரியவில்லை. வழியோரம் ஒரு உருவத்தை நிறுத்தி, 'இது எங்க ஊர், இதுக்காக நாங்க பெருமைப்படறோம், கொஞ்சம் நின்னுட்டுப் போ' என்று சொல்லும் வழக்கம் இந்த மண்ணில் கார் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே இருக்கிறது. அதன் பெயர் நடுகல்.

மேற்சேரிக் கோழி

நடுகல் என்றதும் போரில் இறந்த வீரன், கையில் வாள், அவ்வளவுதான் நினைவுக்கு வரும். ஆனால் விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் ஒரு கல் இருக்கிறது. அதில் மனிதன் கிடையாது. ஒரு சேவல், கழுத்தைத் தூக்கி, சண்டைக்கு நிற்கும் தோரணையில். பக்கத்தில் வட்டெழுத்தில், முகையூர் மேற்சேரியின் சார்பில் நின்று சண்டை போட்ட கோழி இது என்று எழுதியிருக்கிறது. மதுராந்தகம் பக்கம் இந்தளூரிலும் ஒரு கோழிக்கல் உண்டு. அந்தக் கோழி கீழ்ச்சேரிக்குச் சொந்தம். அதற்குப் பொற்கொற்றி என்று பெயர்கூட இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். அரசன் பெயர் இல்லை, வெற்றி கொண்ட நாடு இல்லை. ஒரு ஊரின் ஒரு சேரி, தன் கோழிக்குக் கல் வைத்திருக்கிறது. கூல்பர்ன் ஆட்டுக்கும் இதற்கும் நடுவில் ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் இருக்கின்றன. மனசு ஒன்றுதான்.

திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் இன்னொரு கல். முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போய் இறந்துவிட்டான். கல்லில் அவனும் இருக்கிறான், அவன் பின்னால் ஒரு நாயும் இருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு, எசமானுக்குக் காவலாக அங்கேயே இருந்தது என்று கல்வெட்டு சொல்கிறது. மகேந்திரவர்மன் குடைவரைக் கோயில்களுக்காகப் பேசப்படுகிறான். அவன் காலத்து நாய் ஒன்று, அவன் பெயருடன் ஒரே கல்லில் இடம் பிடித்துவிட்டது.

இந்தக் கல்வெட்டுகளின் அமைப்பைப் பார்த்தால் என்னைப் போன்ற மென்பொருள்காரனுக்கு சர்வர் லாக் ஞாபகம்தான் வரும். முதலில் காலம்: இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு. பிறகு இடம்: இன்ன நாட்டில் இன்ன ஊர். பிறகு நிகழ்வு: இன்னார் தொறு கொண்டபோது, அதாவது மாட்டு மந்தையைக் கவர்ந்தபோது, அதை மீட்டு. கடைசியில் ஆள்: இன்னான் பட்டான், அவன் கல். நாலு விஷயம், நாலைந்து வரி. தேவையில்லாத ஒரு சொல் இருக்காது.

இதில் ஊர்ப் பெயர் எப்போதும் விடுபடாது என்பதுதான் முக்கியம். 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்களைப் பாருங்கள். தமிழ்நாட்டில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை அவை. 2,000 ஆண்டுகளுக்கும் முந்தைய அந்தக் கல் ஒன்றிலும் கூடல் என்னும் ஊரில் நடந்த ஆகோள், அதில் இறந்தவன் பெயர், இரண்டும் இருக்கின்றன. மாடு போனது ஊருக்கு. உயிர் போனது ஊருக்காக. கல் நின்றதும் ஊர் வழியில்தான்.

சங்க இலக்கியத்தில் இதற்கு நேரடிச் சாட்சி உண்டு. பொருள் தேடிப் பாலை வழியில் போகிறவன், வழிதோறும் நிற்கும் நடுகற்களைப் பார்த்துக்கொண்டே போவதாக அகநானூறு சொல்கிறது. பெயரும் பெருமையும் எழுதி, மயில் பீலி சூட்டப்பட்ட கற்கள். அதாவது அன்றைக்கே அவை ஊருக்குள் ஒளிந்திருக்கவில்லை. வழிப்போக்கன் படிப்பதற்கென்றே வழியில் நின்றன.

தகடூர் வழி

இனி நம்ம தருமபுரிக்கு வருவோம். பழைய பெயர் தகடூர், அதியமான்களின் ஊர். சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2-ல் தனி மாவட்டம் ஆனது. 2004-ல் இதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. வெளியே இந்த மாவட்டத்தைப் பற்றி யாராவது பேசினால் பெரும்பாலும் 'பின்தங்கிய', 'வறட்சி' என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். மூன்றாவதாக ஒகேனக்கல்.

ஆனால் நடுகல் ஆய்வில் தமிழ்நாட்டின் தலைநகரம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி சேர்ந்த இந்த மேட்டு நிலம்தான். 1972-ல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' தொகுதியை வெளியிட்டது. பிறகு தருமபுரிக் கல்வெட்டுகளும் தொகுக்கப்பட்டன. பல்லவர் காலத்துக் கிராம வரலாற்றுக்கு இந்தக் கற்களை விட்டால் வேறு ஆதாரம் ரொம்பக் குறைவு. ஏன் இங்கே இவ்வளவு கற்கள்? நெல் வயல்கள் குறைந்த, மேய்ச்சல் நிலம் நிறைந்த பகுதி. மாடுதான் சொத்து. சொத்து இருக்கும் இடத்தில் திருட்டும் காவலும் இருக்கும். அதோடு, கன்னட நாட்டுக்கும் தமிழ் நாட்டுக்கும் நடுவிலுள்ள வழியும் இதுதான். கங்கர், பல்லவர், பாணர், நுளம்பர் என்று எல்லாரும் நடந்த பாதை.

இந்த வழிக்கு அடையாளமாக ஒரு அருமையான கல் இருக்கிறது. அது நடுகல் இல்லை, மைல்கல். 13-ஆம் நூற்றாண்டு. 'அதியமான் பெருவழி' என்று பெயர் சொல்லி, நாவற்றாவளத்துக்கு இத்தனை காதம் என்று குறித்திருக்கிறது. ஒன்றில் 29 காதம். எழுத்தோடு நிறுத்தாமல், எண்ணிக்கைக்கு ஏற்பக் கல்லில் குழிகளும் குடைந்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவன் விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம். வழிப்போக்கன் யார், அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று யோசித்துச் செய்த பலகை அது. இன்றைய நெடுஞ்சாலைப் பலகைகளில் பல, இந்த அளவுக்கு யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒரு சின்னக் கணக்கு

சரி, நடுகல் பெரும்பாலும் மூன்றடி, நான்கடி, அதிகம் போனால் ஆளுயரம். அதை எப்படி 28 அடி வாத்தோடு ஒப்பிடுவது? இதற்கு ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் ஒரு நொடிக்கு 1.4 மீட்டர் கடக்கிறார். 50 மீட்டர் தொலைவில் ஒரு 4 அடிக் கல் கண்ணில் பட்டால், அதை அடைய அவருக்கு 36 நொடி ஆகும். பார்க்க, யோசிக்க, நிற்கலாமா என்று முடிவு செய்யத் தாராளமான நேரம். அதே கல்லை 80 கிலோமீட்டர் வேகத்தில் காரில் கடப்பவருக்கு 2 நொடிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். தும்மினால் போய்விடும். அவருக்கும் அதே 36 நொடி வேண்டும் என்றால், உருவம் 800 மீட்டர் தள்ளியே தெரிய வேண்டும். 800 மீட்டரில் ஒரு பொருள், 50 மீட்டரில் 4 அடிக் கல் தெரியும் அதே அளவுக்குத் தெரிய வேண்டுமானால் அது 64 அடி இருக்க வேண்டும்.

ஆக 64 அடிச் சிலை என்பது வேறொன்றும் இல்லை, கார் வேகத்துக்குப் பெருக்கிய நடுகல். கூல்பர்ன் ஆடு சுமார் 50 அடி. கணக்கு கிட்டத்தட்டச் சரியாக வருகிறது, இல்லையா?

தமிழ்நாட்டில் இந்த வேகக் கணக்கையும் தாண்டிப் போய்விட்டோம். 2000 ஜனவரி 1-ல் திறந்த கன்னியாகுமரி வள்ளுவர் பீடத்தோடு 133 அடி. அது அதிகாரக் கணக்கு. மலேசியாவில் பத்துமலை முருகன் 140 அடி, 2006. அதற்குப் பிறகு 2022-ல் நம்ம சேலம் மாவட்டத்திலேயே, ஆத்தூர் போகும் வழியில் புத்திரகவுண்டன்பாளையத்தில், முத்துமலை முருகன் 146 அடிக்கு எழுந்தார். பத்துமலை முருகனை உருவாக்கிய திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதிதான் இதையும் செய்தவர். ஆறு அடி வித்தியாசம். மூஸ் மான் கொம்பு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

நெடுஞ்சாலை முனியப்பன்

உயரப் போட்டியில் சேராத, ஆனால் உண்மையிலேயே இந்த வட்டாரத்துக்கே உரிய பெரிய உருவம் ஒன்று இருக்கிறது: முனியப்பன். சேலம், தருமபுரி, ஈரோடு பக்கம் பயணம் செய்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். செங்கல்லும் சாந்தும் வைத்துக் கட்டிய உருவம், பளீரென்ற வண்ணம், உருட்டி விழிக்கும் கண், முறுக்கு மீசை, கையில் வீச்சரிவாளோ வாளோ, கூரை இல்லாமல் வெயிலில் உட்கார்ந்திருப்பார். தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் வழியில் பி.அக்ரகாரம் முனியப்பன் இந்தப் பக்கம் பிரசித்தம். புது வண்டி எடுத்தால் இது மாதிரிக் கோயில்களில் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து ஏற்றாமல் பலர் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் அய்யனார் கோயில் குதிரை ஒன்று, 33 அடி என்பார்கள். மாசிமகத்துக்கு அந்தக் குதிரை மறைகிற அளவுக்குக் காகித மாலைகளைச் சாத்துவார்கள். அதுவும் இதே இனம்தான்.

இவற்றுக்கும் அரசோ நிறுவனமோ வைக்கும் சிலைகளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. முனியப்பனுக்குப் பெயிண்ட் அடிக்க யாரும் டெண்டர் விடுவதில்லை. திருவிழா வந்தால் அடித்துத்தான் ஆக வேண்டும். அடிக்காவிட்டால் ஊருக்கு அவமானம். பராமரிப்பு என்பது தனி வேலையாக இல்லாமல் சடங்காகவே இருக்கிறது.

தொல்காப்பியம் நடுகல் வைப்பதை ஆறு கட்டமாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல். தகுந்த கல்லைத் தேடிக் காண்பது, நாள் குறித்துத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது. கடைசி இரண்டையும் கவனியுங்கள். பெரும்படையும் வாழ்த்தும் நட்ட பிறகு நடப்பவை. படையல் போட வேண்டும், வாழ்த்த வேண்டும், அப்போதுதான் வேலை முடிந்தது. எங்கள் துறையில் புராஜெக்ட் 'கோ லைவ்' ஆன அன்றைக்குக் கேக் வெட்டிவிட்டு டீமைக் கலைத்துவிடுகிற மேலாளர்களுக்கு இந்த நூற்பாவை அச்சடித்துக் கொடுக்கலாம்.

அதியமானின் இரண்டு கற்கள்

தருமபுரிக்குத் தெற்கே சேலம் சாலையில் அதியமான்கோட்டை. இங்கே அரசு அமைத்த வள்ளல் அதியமான் கோட்டத்தில் அதியமானும் ஔவையும் சிலையாக நிற்கிறார்கள். சாவை நீக்கும் நெல்லிக்கனி கிடைத்தபோது தானே சாப்பிடாமல் ஔவைக்குக் கொடுத்தவன் என்ற புறநானூற்றுக் காட்சிதான் மாவட்டத்தின் அதிகாரபூர்வமான பெருமை என்று சொல்லலாம். பெருமைப்பட வேண்டியதுதான். 1981-ல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் கிடைத்த தமிழிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி கற்பனை இல்லை, பள்ளி தானம் செய்த நிஜ அரசன் என்று காட்டிவிட்டது.

ஆனால் பலரும் கவனிக்காத இன்னொரு அதியமான் கல்லும் உண்டு, பாட்டில். புறநானூறு 232-ல் ஔவை அவனுடைய நடுகல்லின் முன் நிற்கிறாள். பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றிப் படைக்கிறார்கள். ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சின்னக் கலத்துக் கள்ளையா வாங்கிக்கொள்வான் என்று கேட்கிறாள். அரசனாக இருந்தவனுக்கும் கடைசியில் கிடைத்தது மாடு மீட்ட இளைஞனுக்குக் கிடைத்த அதே கல்தான். கருந்தேவக்கத்தியும் அஞ்சியும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

இன்றைய சிலைகளில் அந்த வரிசை இல்லை. அரசன், தலைவர், தெய்வம். கோழியும் நாயும் எருமை மேய்த்தவனும் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டார்கள்.

சாலை நகரும்போது

இதெல்லாம் இப்போது எதற்கு? ஏனென்றால் இந்த மாவட்டத்தில் சாலை மறுபடியும் நகர்கிறது. காஷ்மீர்–கன்னியாகுமரி 44-ஆம் எண் நெடுஞ்சாலை ஏற்கெனவே தருமபுரி நகரைத் தொடாமல் போகிறது. அதியமான்கோட்டையிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு 844-ஆம் எண் சாலையை நான்கு வழியாக்கும் திட்டமும் வந்தது. சாலை அகலமாகும்போது முதலில் போவது சாலையோரம் இருப்பவை. புளியமரம் போகிறது, டீக்கடை போகிறது. அதோடு மரத்தடியில் மஞ்சள் பூசி நிற்கும் ஒரு கல்லும் போகலாம்.

அந்தக் கல்லுக்கு இங்கே பெயர் வேடியப்பன். இந்த வட்டாரத்தில் ஏராளமான நடுகற்கள் வேடியப்பனாகத்தான் வணங்கப்படுகின்றன. இறந்தவன் பெயர் மறந்து, சண்டை மறந்து, எழுத்தைப் படிக்க ஆள் இல்லாமல் போய், 1,300 ஆண்டுகளுக்குப் பிறகும் பொங்கல் மட்டும் நிற்கவில்லை. கல் பிழைத்ததற்குக் காரணமே அதுதான். ஆனால் அதே வழிபாடு எண்ணெயும் மஞ்சளும் பெயிண்டும் பூசி எழுத்தை மறைக்கிறது. சில இடங்களில் சிமென்ட் மேடை கட்டி, கீழ்ப்பாதி எழுத்து உள்ளே போய்விடுகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோக வேண்டுமா? தருமபுரி நகரில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்க்கலாம். எழுத்து பத்திரமாக இருக்கும். ஆனால் மேற்சேரிக் கோழி மேற்சேரியில் இல்லாவிட்டால் அது வெறும் கோழிதான். ஊர் தன் பெயர் எழுதிய ஒரே கல்லை இழக்கிறது, கல் தன்னைக் கும்பிட்ட ஊரை இழக்கிறது.

என் கருத்து இதுதான். கல் தன் இடத்திலேயே இருக்கட்டும். ஆனால் சாலை அளவெடுப்பவர் வருவதற்கு முன்பே ஒவ்வொரு கல்லுக்கும் மைப்படி, படம், இடக்குறியீடு மூன்றும் பதிவாகியிருக்க வேண்டும். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் கூல்பர்ன்காரர்கள் செய்ததைச் செய்யலாம்: சாலை எங்கே போகிறதோ அதே ஊர் எல்லைக்குள், கொஞ்சம் தள்ளி. 100 டன் கான்கிரீட் ஆட்டை 800 மீட்டர் நகர்த்த முடிகிறபோது, நாலடிக் கல்லை நாற்பது அடி நகர்த்த முடியாதா? பக்கத்தில் கல்லில் உள்ள செய்தியை இன்றைய தமிழில் எழுதி ஒரு பலகை. புதிதாக 64 அடியில் மாம்பழமோ தக்காளியோ கட்டுவதைவிடச் செலவு குறைவு.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் வேடியப்பன் கல்லையோ ஏரிக்கரைக் கல்லையோ காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ போய்ப் பாருங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் தேய்ந்த எழுத்து தெரியும். இரவானால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சுரண்டாதீர்கள், ஆசிட் ஊற்றாதீர்கள், சுண்ணாம்பு தடவாதீர்கள். பூசாரியிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வட்ட வட்டமாக நாலு எழுத்து இருந்தால்கூடப் போதும். அதில் ஒன்று உங்கள் ஊரின் பெயராக இருக்கலாம்.